ஜெர்மனிக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? முதலில் தரங்கம்பாடிக்கு பஸ் ஏறுங்கள்

ஜெர்மனிக்கு ஒரு வருஷத் தன்னார்வப் பணிக்குக் கிளம்புகிற பிள்ளைகள் மயிலாடுதுறை, கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் இப்போது கண்ணில் படுகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் விசா, ஜெர்மன் பாடம், குளிர் ஜாக்கெட், இந்த மூன்றைப் பற்றித்தான். அதைச் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறது. சொல்லாமல் விடுகிற விஷயம் வேறு. போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் பயிற்சி வகுப்பு என்று கூட்டிக்கொண்டு போய் ஹிட்லர் காலத்துப் பழைய வதைமுகாம் ஒன்றின் வாசலில் நிறுத்துவார்கள், இன்னொரு முறை உணவு வங்கியையோ ஊர்ப் பொதுத் தோட்டத்தையோ காட்டுவார்கள், கூடவே நாலைந்து நாட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள், அதில் ஒருத்தர் உங்கள் பக்கம் திரும்பி "உங்க ஊரில் நடந்த கொடுமைகளை நீங்க எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு முழிக்காமல் இருப்பதற்கும், அந்த இடங்களை உருப்படியாகப் பார்த்துவிட்டு வருவதற்கும்தான் இதை எழுதுகிறேன்.

எந்த வழியில் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊர் சுற்றக் கிடைக்கும் நேரமும் காசும் அதைப் பொறுத்தது. பி.எஃப்.டி. என்கிற கூட்டாட்சித் தன்னார்வச் சேவை 2011-ல் வந்தது. அதுவரை ராணுவத்துக்குப் போக மறுத்த இளைஞர்கள் அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்தார்கள். கட்டாய ராணுவ சேவையை நிறுத்தியதும் அந்த ஆட்களும் இல்லாமல் போனார்கள், அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் இது. எஃப்.எஸ்.ஜே. என்கிற சமூகத் தன்னார்வ ஆண்டு அதைவிடப் பழையது, 27 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. வெல்ட்வேர்ட்ஸ் என்பது ஜெர்மன் அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-ல் தொடங்கிய திட்டம். முதலில் ஜெர்மன் பிள்ளைகளை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2013 முதல் நம் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே போக வழி செய்தார்கள். இதற்கு வயது 18 முதல் 28 வரை.

இவை தவிர இரண்டு மூன்று வாரம் மட்டும் நடக்கிற பணி முகாம்கள் உண்டு. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, 1920-ல், வெர்டன் பக்கத்தில் இடிந்து கிடந்த ஒரு பிரெஞ்சு கிராமத்தைத் திரும்பக் கட்டப் பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து போனதிலிருந்து வந்த வழக்கம் அது, அன்று எதிரெதிரே சண்டை போட்ட நாட்டுக்காரர்கள் அதில் ஒன்றாக மண்வெட்டி பிடித்தார்கள். நினைவிடங்களைப் பராமரிக்கவும் பழைய கட்டடங்களைச் செப்பனிடவும் இன்றும் இப்படிப்பட்ட முகாம்கள் ஜெர்மனியில் நடக்கின்றன. கட்டட வேலை, மரவேலையில் கை பழகியவர்கள் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென்றே இருக்கிற ஒரு வருஷத் திட்டத்தைப் பாருங்கள். யூகென்ட்பவுஹியூட்டே என்று பெயர். 1999-ல் க்வெட்லின்புர்க் என்கிற ஊரில் முதலில் தொடங்கினார்கள். மரச்சட்டம் போட்டு இடையில் மண் பூசிய பழைய வீடுகள் நிறைந்த அழகான ஊர் அது, ஊரே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லிவிடுகிறேன். இது வேலை இல்லை. கிடைப்பது சம்பளமும் இல்லை, கைச்செலவுக் காசு. மருத்துவக் காப்பீடு கிடைக்கும், தங்குமிடமும் சாப்பாடும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு வருஷத்துக்குப் போனால் 25 நாள் பயிற்சி வகுப்பு கட்டாயம். "எஃப்.எஸ்.ஜே. சீட் வாங்கித் தருகிறேன், லட்சங்களில் ஆகும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இடம் தருகிற அமைப்புகளுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், அதற்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

கிளம்பும் முன் ஊரிலேயே செய்ய வேண்டியது

அங்கே போனதும் எல்லாத் தன்னார்வலர்களையும் தங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்வார்கள். இது எழுதப்படாத சட்டம். தாஜ்மஹால் படத்தைப் போட்டு, மசாலா பற்றிச் சொல்லி, ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடிக் காட்டி முடிப்பவர்களே அதிகம். தயவுசெய்து வேண்டாம். காவிரி கல்லணையில் பிரிந்து கடலுக்குப் போகிற வரைபடத்தை வையுங்கள், மேட்டூர் திறப்பு என்றால் இங்கே ஏன் மொத்தக் குடும்பமும் செய்தி பார்க்கிறது என்று சொல்லுங்கள், அப்புறம் தரங்கம்பாடிக்கு வாருங்கள்.

தரங்கம்பாடியை முக்கால்வாசிப் பேர் கோட்டை, கடல், ரீல்ஸ் என்று முடித்துவிடுகிறோம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள், இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கிய இரண்டு பேர், பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் ப்ளூட்சாவும், டேனிஷ் மன்னர் அனுப்பியவர்கள் என்றாலும் ஆட்கள் ஜெர்மானியர்கள். சீகன்பால்க் பிறந்தது சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்கிற சின்ன ஊர், படித்தது ஹாலே நகரத்தில். தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள், 1713-ல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது, காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். சீகன்பால்க் புதிய எருசலேம் ஆலயத்தை 1718-ல் கட்டி முடித்தார், அடுத்த வருஷமே இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இதில் நம் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆள் சீகன்பால்க் இல்லை, மலையப்பன். 1714-ல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூடப் போன தமிழ் இளைஞர். தமிழ் இலக்கண நூல் ஒன்றை லத்தீனில் எழுத அவர் உதவினார், அது 1716-ல் ஹாலேயில் அச்சானது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், விசாவும் இல்லை, வீடியோ காலும் இல்லை, தரங்கம்பாடியிலிருந்து ஒரு பையன் ஜெர்மனிக் குளிரில் போய் உட்கார்ந்து தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறான். உங்கள் பேச்சை இவரிடமிருந்து தொடங்கிப் பாருங்கள், கேட்கிற ஜெர்மன்காரர்களில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மதியத்துக்குள் ராஜ வீதி, ஆலயம், சீகன்பால்க் வீட்டில் உள்ள அருங்காட்சியகம், டேன்ஸ்போர்க் கோட்டை எல்லாம் பார்த்துவிடலாம். தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகள் சிவகங்கைப் பூங்கா அருகில் இருக்கிற சுவார்ட்ஸ் தேவாலயத்தையும் பாருங்கள். பிரடெரிக் சுவார்ட்ஸ் என்கிற ஜெர்மானியப் பாதிரியார் 1798-ல் சாகக் கிடந்தபோது இரண்டாம் சரபோஜி வந்து பார்ப்பதை லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் பளிங்கில் செதுக்கியிருக்கிறார். செய்யச் சொன்னவர் சரபோஜியேதான்.

அப்புறம் கீழ்வெண்மணி. இதைத் தவிர்க்காதீர்கள். 1968 டிசம்பர் 25 இரவில், கூலியை உயர்த்திக் கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அந்த ஊரில் நினைவிடம் இருக்கிறது, வருஷா வருஷம் டிசம்பர் 25 அன்று மக்கள் கூடுகிறார்கள். டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்து ஒரு தடவைகூட அங்கே போகாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஜெர்மனியில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை, "உங்கள் வதைமுகாம் மாதிரித்தான் எங்கள் ஊரிலும்" என்று இரண்டையும் தராசில் வைக்காதீர்கள், அளவும் வேறு, நடந்த விதமும் வேறு. என்ன நடந்தது, யார் செய்தது, அதற்கு அப்புறம் ஊர் என்ன செய்தது என்று மட்டும் சொல்லுங்கள். கேட்பவர்கள் மேலே கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதது, வாயில் வரக் கூடாதது

ஸ்வஸ்திகா. நமக்கு அது மங்கலச் சின்னம், கணக்கு நோட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இரும்புக் கேட்டிலும் இருக்கும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவில் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை உண்டு. சாமி கும்பிடுவதற்காக அந்தச் சட்டம் போடவில்லை என்பது உண்மைதான், ஆனால் ட்ரெயினில் எதிரே உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு அதை யார் போய் விளக்குவது? அம்மா தைத்துக் கொடுத்த பையிலோ டி-ஷர்ட்டிலோ டாலரிலோ அது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குழந்தைகள் காப்பகத்தில் கோலம் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் (நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள்) புள்ளிக் கோலம், பூக்கோலம் போதும்.

ஹிட்லர் பேச்சு இன்னொன்று. கண்டிப்பான தலைமையாசிரியருக்கு நாம் வைக்கிற பட்டப் பெயர் அது, அங்கே போய் அதை நகைச்சுவையாகச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "அவர் இங்கிலீஷ்காரனை எதிர்த்தார், நேதாஜிக்கு உதவினார்" என்று ஒரு அரை வரலாறு வேறு நம்மிடம் உலவுகிறது. நேதாஜி 1941-ல் பெர்லின் போனதும் அடுத்த வருஷம் ஹிட்லரைச் சந்தித்ததும் நடந்தவைதான். அதே காலத்தில்தான் அறுபது லட்சம் யூதர்களைக் கொல்கிற வேலையும் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருந்தால் பேசுங்கள், முதல் பாதி மட்டும் தெரிந்திருந்தால் பேசாமல் இருப்பது நல்லது. படம் எடுக்கும்போது கையை முன்னால் நீட்டி உயர்த்திக் காட்டுகிற சேட்டையும் அங்கே குற்றம்.

உங்கள் பெயர் ஸ்டாலின் என்றால் கவலைப்படாதீர்கள், டெல்டாவில் தெருவுக்கு ஒரு ஸ்டாலினும் லெனினும் இருப்பதற்கான காரணத்தைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கிழக்கு ஜெர்மனிப் பக்கம் போட்டால் வாரம் ஒரு முறை சொல்ல வேண்டி வரும்.

எங்கே போவது

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். நம் ஆட்கள் கையில் லீவு கிடைத்ததும் பெர்லின், மூனிக், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று பஸ்ஸிலேயே தூங்கி ஊர் ஊராக ஓடுவார்கள், வந்து கேட்டால் எது எந்த ஊர் என்றே நினைவிருக்காது. என் பரிந்துரை ஹாலே, லைப்சிக், வைமார் மூன்றும். பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஹாலேயிலிருந்து லைப்சிக் கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற தூரம்தான். இந்த மூன்றில் ஜெர்மன் வரலாற்றின் நல்லது கெட்டது இரண்டும் இருக்கிறது.

ஹாலேயில் பிராங்கே நிறுவனங்கள். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்கிற பேராசிரியர் 1698-ல் அனாதைக் குழந்தைகளுக்காகக் கட்டத் தொடங்கியது, பள்ளிகள், நூலகம், அச்சகம், மருந்தகம் என்று வளர்ந்து ஒரு சின்ன நகரமாகவே ஆகிவிட்டது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் அறிக்கைகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன, 1710 முதல் அவற்றை அச்சிட்டு ஐரோப்பா முழுக்கப் படித்தார்கள். விநோதப் பொருள்கள் அறை ஒன்று இருக்கிறது, 18-ம் நூற்றாண்டில் அடுக்கியபடியே பழைய அலமாரிகளில் உலகத்துப் பொருள்களை வைத்திருக்கிறார்கள், நம் பக்கத்திலிருந்து போனவையும் உண்டு. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஓலையைப் பார்க்க வேண்டும் என்றால் நேராகப் போய் நிற்காதீர்கள், பல வாரம் முன்னதாக மெயில் போடுங்கள். யார் நீங்கள், எந்த ஊர், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி போதும். தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வந்து அந்த எழுத்தைப் பார்ப்பது அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

அதே ஹாலேயில் இன்னொரு இடம். 2019 அக்டோபர் 9, யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளில், ஒருவன் துப்பாக்கியோடு தொழுகைக்கூடத்துக்குள் புகப் பார்த்தான். மரக்கதவு தாங்கியது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே தெருவில் ஒரு பெண்ணையும் பக்கத்து உணவகத்தில் ஒரு இளைஞரையும் சுட்டுக் கொன்றான். அந்தக் கதவை இப்போது நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். ஓலைச்சுவடியைப் பார்த்த பூரிப்போடு ஊர் திரும்பிவிடாமல் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

லைப்சிக்கில் நிக்கோலாய் தேவாலயம். கிழக்கு ஜெர்மனி அரசுக்கு எதிராகத் திங்கட்கிழமை தோறும் பிரார்த்தனைக்குக் கூடியவர்கள் அப்படியே தெருவில் இறங்கினார்கள், 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர், ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது.

பெர்லின் போகாமல் இருக்க மாட்டீர்கள், தெரியும். போனால் கிழக்குப் பக்கம் ஓவியம் வரைந்த சுவரில் படம் எடுத்துக்கொண்டு பெர்னவர் தெருவுக்குப் போங்கள், அங்கேதான் சுவரை அது நின்ற விதத்திலேயே பார்க்க முடியும். சுவர் போன பாதையில் மாட்டிக்கொண்ட ஒரு தேவாலயத்தை 1985-ல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடி வைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் இப்போது மண் சுவரால் கட்டிய சின்ன ஆலயம் இருக்கிறது, அதைச் சுற்றி, தப்பி ஓடியவர்களைச் சுட்ட அதே நிலத்தில், ரை என்கிற தானியத்தை விதைத்து அறுக்கிறார்கள். வயல்காட்டிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

யூதர்கள் நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் தூண்கள், 2005-ல் திறந்தது. அதன் மேல் ஏறிக் குதிப்பது, உட்கார்ந்து போஸ் கொடுப்பது இரண்டும் கூடாது. மற்ற நாட்டுக்காரர்கள் செய்வதைப் பார்ப்பீர்கள், செய்யட்டும்.

வதைமுகாமுக்குப் போகும் நாள்

வைமார் கவிஞர்கள் ஊர். கதேவும் ஷில்லரும் வாழ்ந்த வீடுகள் இருக்கின்றன, இருவரும் சேர்ந்து நிற்கிற சிலைக்குப் பின்னால் உள்ள நாடக அரங்கில்தான் 1919-ல் ஜெர்மனியின் முதல் குடியரசுக்கு அரசியலமைப்பு எழுதினார்கள். அங்கிருந்து 6-ம் நம்பர் டவுன் பஸ் ஏறினால் எட்டர்ஸ்பெர்க் குன்று மேல் பூகன்வால்ட் வதைமுகாம். இவ்வளவு பக்கத்தில் அது இருக்கிறது என்பதே முதலில் உறைக்கும். பஸ் ஏறிப் போகிற அந்த ரோட்டையே கைதிகளை வைத்துத்தான் போட்டார்கள்.

1937 முதல் 1945 வரை கிட்டத்தட்ட 2,80,000 பேரை அங்கும் அதன் கிளை முகாம்களிலும் அடைத்தார்கள், 56,000 பேர் செத்தார்கள். போர் முடிந்த பிறகு சோவியத் ராணுவம் அதே இடத்தை 1950 வரை தன் கைதிகளுக்கான முகாமாக வைத்திருந்தது, அதிலும் 7,000 பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டாவது பாதியைக் கிழக்கு ஜெர்மனி காலத்தில் யாரும் வெளியே பேசியதில்லை. இந்த இரண்டையும் நினைவிடத்தில் எப்படித் தனித்தனியாக விளக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சின்னதாக்காமல் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கீழ்வெண்மணியைப் பற்றிப் பேசும்போது நான் தராசு வேண்டாம் என்று சொன்னதன் காரணம் அங்கே புரியும்.

உள்ளே நுழைவு இலவசம். ஆங்கிலத்தில் வழிகாட்டி நடை வேண்டுமென்றால் முன்பே பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை கண்காட்சிகள் மூடியிருக்கும், வெளி மைதானம் மட்டும்தான். வாசல் கடிகாரம் 3.15-ல் நிற்கிறது, 1945 ஏப்ரல் 11 மதியம் முகாம் விடுதலையான நேரம். இரும்புக் கதவில் உள்ள வாசகத்தை உள்ளே இருந்து படித்தால்தான் நேராகத் தெரியும், கைதிகள் தினமும் பார்க்க வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். அந்த எழுத்தை வடிவமைத்தவரே ஒரு கைதி. மைதானத்துக்குள் தரையோடு தரையாக ஒரு உலோகப் பலகை இருக்கும், பக்கத்தில் போகாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. இங்கே அடைபட்டவர்களின் நாடுகள், இனங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வருஷம் பூராவும் 37 டிகிரி சூட்டில், மனித உடம்பின் சூட்டில், அதை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தாலும் அதன் மேல் தங்காது. குனிந்து கையை வையுங்கள்.

குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குன்று மேல் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை, மார்கழிக்கு மஃப்ளர் கட்டுகிற நமக்கு அது வேறு உலகம். தெர்மல், குல்லா, கையுறை, தண்ணீர் புகாத ஷூ எல்லாம் வேண்டும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை முகாம் மைதானத்தில் பிரிக்காதீர்கள், பஸ் நிறுத்தத்துப் பக்கம் வந்து சாப்பிடலாம்.

போன் விஷயம். வெளியில் படம் எடுக்கலாம், ஆனால் பிணம் எரித்த அடுப்புக்கு முன்னால் செல்ஃபி வேண்டாம், வீட்டுக்கு வீடியோ கால் போட்டு "இதோ பாரும்மா" என்று காட்டவும் வேண்டாம். உள்ளே போகும்போதே சைலண்டில் போட்டுவிடுங்கள். கல்லறைகள், நினைவுக் கற்கள் மேல் சின்னச் சின்னக் கற்கள் வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள், யூதர்களின் வழக்கம் அது, எடுக்காதீர்கள், நீங்களும் ஒன்று வைக்கலாம். அழுகை வந்தால் அழலாம், பாதியில் வெளியே வந்துவிடலாம், கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தால் போதும். அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் வைக்காதீர்கள், சாயங்காலம் பார்ட்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூனிக் பக்கம் போட்டால் டாகாவ். 1933 மார்ச்சிலேயே தொடங்கிய முகாம். திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கானை, பிரிட்டிஷ் உளவாளியாகப் பிரான்சில் வானொலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவரை, 1944 செப்டம்பரில் அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது, தேடிப் பாருங்கள். பெர்லினில் இருப்பவர்களுக்கு சாக்சன்ஹவுசன், எஸ்-பான் ட்ரெயினிலேயே ஓரானியன்புர்க் வரை போய்விடலாம்.

முகாம் வரை போக முடியாதவர்கள் தாங்கள் தங்கியிருக்கிற தெருவிலேயே தொடங்கலாம். நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு போட்ட கற்கள் பதித்திருக்கும். இந்த வீட்டில் இன்னார் இருந்தார், இந்த வருஷம் பிறந்தார், எங்கே கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று நாலு வரி. குன்டர் டெம்னிக் என்கிற கலைஞர் தொடங்கியது, ஐரோப்பா முழுக்க இன்று ஒரு லட்சத்துக்கு மேல் பதித்தாகிவிட்டது. ஜனவரி 27 (ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுதலையான நாள்), நவம்பர் 9 (1938-ல் யூதர்களின் வீடுகளையும் தொழுகைக்கூடங்களையும் தாக்கிய இரவு) தேதிகளில் ஊர்க்காரர்கள் வந்து அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்குவார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம், பித்தளை விளக்குவது நமக்கென்ன புதிதா! ஆனால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அவர்கள் கொண்டுவரும் பாலிஷும் மெத்தென்ற துணியும் போதும். தேய்க்கும்போது அந்தப் பெயரை வாய்விட்டுப் படிப்பார்கள், நீங்களும் படியுங்கள்.

ஊர்ப் பணிகளைப் பார்க்கப் போகும்போது

உணவு வங்கிக்கு டாஃபெல் என்று பெயர், 1993-ல் பெர்லினில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க 900-க்கு மேல் இருக்கின்றன. கடைகளில் மிஞ்சுகிற காய், ரொட்டி, தயிரை வாங்கி வந்து தரம் பிரித்து, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வருமானச் சான்று காட்ட வேண்டும். நம் ஊர் அன்னதானத்தில் யார் வந்தாலும் இலை போட்டு உட்கார வைப்போம், இங்கே ஏன் கார்டு கேட்கிறார்கள் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அங்கே வேலை செய்கிற பெரியவர்களிடம் கேட்டால் இருப்பது குறைவு, வருகிறவர்கள் அதிகம் என்பார்கள். அதுவும் சரிதான், ஆனாலும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. வரிசையில் நிற்பவர்களைப் படம் எடுக்கவே கூடாது, தூரத்திலிருந்துகூட.

படம் எடுப்பதில் அவர்கள் கறார். குழந்தைகள் காப்பகம், மாற்றுத் திறனாளிகள் வேலை செய்யும் பட்டறை, முதியோர் இல்லம், எங்கேயும் ஆள் முகம் தெரியப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இங்கே பள்ளிக்கூட விழாவில் யார் பிள்ளையை யார் வேண்டுமானாலும் எடுப்போம், அங்கே அனுமதி இல்லாமல் போட்டால் உங்கள் இடமே போகலாம்.

முதியோர் இல்லத்தில் பணி கிடைத்தால் அதுவே பெரிய வரலாற்று இடம். போரின்போது குழந்தைகளாக இருந்தவர்கள், இன்று போலந்தில் இருக்கிற பகுதிகளிலிருந்து மூட்டை முடிச்சோடு விரட்டப்பட்டு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், "உங்க அப்பா நாஜியா?" என்று நேரடியாகப் போட்டு உடைக்காதீர்கள். முதலில் நீங்கள் யார், வீட்டில் யார் யார் என்று சொல்லுங்கள், பாட்டிகளுக்கு அது பிடிக்கும். பெரியவர்களை அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஃப்ராவ், ஹெர் என்று குடும்பப் பெயரோடு கூப்பிட வேண்டும், "நீங்க" போட்டுப் பேச வேண்டும். நமக்கு இது இயல்பாகவே வரும்.

சின்ன ஊரில் இருந்தால் தன்னார்வத் தீயணைப்புப் படையைப் போய்ப் பாருங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, பேக்கரிக்காரர், ஆசிரியர், எலக்ட்ரீஷியன் என்று ஊர் ஆட்கள்தான். பேசுவதற்கு நம்மிடமும் நிறைய இருக்கிறது. 2021 ஜூலையில் ஆர் நதிப் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்பகுதியிலும் வந்த வெள்ளத்தில் ஜெர்மனியில் 180 பேருக்கு மேல் செத்தார்கள், நாடு முழுக்க இருந்து ஆட்கள் மண்வெட்டியோடு போய்ச் சேறு அள்ளினார்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துக்கும், 2018 நவம்பரில் கஜாவுக்கு அப்புறம் வேதாரண்யத்துக்கும் வந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். உதவி வாங்கிய ஊர்க்காரராகப் பேசும்போது அவர்களும் மனம் விட்டுப் பேசுவார்கள். அப்போது உதவிக்காக இங்கே வந்து தங்கிவிட்டுப் போன வெளிநாட்டுக்காரர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள், எது தொல்லையாக இருந்தது என்பதை நாகைப் பக்கத்துப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அங்கே நீங்கள்தானே வெளிநாட்டுக்காரர்.

ஊர் ஏக்கம் வந்தால் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில். போரில் ஊரை விட்டு வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்கு செய்தது, கோபுரம் அச்சு அசலாக நம் பக்கம்தான். கோடைக் காலத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து வருகிறார்கள். அதுவும் ஒரு சமூகப் பணிதான், உங்கள் கூட இருக்கிற வேற்று நாட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், ஒரு நாளாவது நீங்கள் வழிகாட்டியாக இருக்கலாம்.

மிச்சமிருக்கிற சில்லறை விஷயங்கள்

டாய்ச்லாண்ட்டிக்கெட் என்கிற மாதப் பாஸ் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, அப்புறம் விலை ஏறிவிட்டது. அதை வைத்து நாடு முழுக்க லோக்கல் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம், ஐ.சி.இ. மாதிரி வேக ரயில்களில் மட்டும் ஏறக் கூடாது. மாதா மாதம் தானாகப் பணம் எடுக்கும், வேண்டாத மாதத்துக்கு முன்கூட்டியே நிறுத்தச் சொல்ல வேண்டும். தன்னார்வலர் அடையாள அட்டை ஒன்று கொடுப்பார்கள், அருங்காட்சியகங்களில் முதலில் அதை நீட்டுங்கள், பல இடத்தில் சலுகை உண்டு. இளைஞர் விடுதிகளில் தங்கலாம், உலகத்தின் முதல் இளைஞர் விடுதியே ஆல்டெனா என்கிற ஊர்க் கோட்டையில் 1912-ல் தொடங்கியதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு விஷயத்தில் உங்கள் பணி இடத்தில் வருஷ ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், கடைசி நேரத்தில் "நாளைக்கு வரமாட்டேன்" என்பது அங்கே செல்லாது. பயிற்சி வகுப்பை நடத்துபவர்களிடம் "இந்த இடத்துக்குப் போகலாமா" என்று நீங்களே சொல்லலாம், அவர்கள் பிள்ளைகளின் யோசனையைக் கேட்பார்கள். ஹாலேயைச் சொல்லிப் பாருங்கள்.

பாதுகாப்பு பற்றி வீட்டில் கேட்பார்கள். நம் நிறத்துக்காக முறைக்கிற, கத்துகிற ஆட்கள் அங்கேயும் உண்டு, கிழக்குப் பக்கச் சின்ன ஊர்களில் கொஞ்சம் அதிகம். கால்பந்து ஆட்டம் முடிந்த இரவில் ரயில் நிலையத்தில் தனியாகச் சுற்றாதீர்கள். ஏதாவது நடந்தால் பொறுத்துக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள், உங்களுக்குப் பொறுப்பாக இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், போலீஸ் எண் 110, ஆம்புலன்சும் தீயணைப்பும் 112. தேதி, இடம், எந்த ரயில், யார் பார்த்தார்கள் என்று போனில் உடனே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது அதைத்தான் கேட்பார்கள்.